சில வினாடி நிழல்: சிறுவர்களின் சிறுநீர்ப் புறவழிச் சுரப்பிக் குறைபாடுகளைப் படமெடுத்து அறிதல்

ஆண் உடலில் சிறுநீர்ப்பையின் கழுத்தில் தொடங்கி ஆண்குறியின் நுனியில் முடியும் பாதையை மருத்துவ நூல்கள் சிறுநீர்ப் புறவழி என்று குறிப்பிடுகின்றன. வெறும் குழாய்போலத் தோன்றும் இப்பாதையின் சுவரிலும் அதன் அண்டையிலும் சிறு சுரப்பிகள் பல பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நுண்குழாயைக் கொண்டு, தன் சுரப்பைப் புறவழிக்குள் வடிக்கிறது. அந்த நுண்குழாயின் வாய் குறுகியோ அடைபட்டோ போனால், வடிய வழியற்ற சுரப்பு உள்ளேயே தேங்கி, குழாயை ஊதிப் பெருக்கச் செய்து, சில குழந்தைகளில் சிறுநீரின் ஓட்டத்தையே மறித்து நிற்கிறது.

இத்தகைய குறைபாடு அரிது. அரிதாக இருப்பதாலேயே பலமுறை தவறவிடப்படுகிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் நிழல் பெரும்பாலும் குழந்தை சிறுநீர் கழிக்கும் சில வினாடிகளில் மட்டுமே திரையில் விழுகிறது; அவ்வினாடிகளில் எவ்விடத்தை எக்கோணத்தில் நோக்கவேண்டும் என்று முன்பே அறிந்திருக்கும் கண்ணுக்கே அது புலப்படுகிறது. விலையுயர்ந்த கருவியைக் காட்டிலும், பார்ப்பவரின் உடற்கூற்றறிவும் குழந்தையிடம் அவர் காட்டும் பொறுமையுமே இந்நோயை வெளிப்படுத்துகின்றன என்பதை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

இச்சுரப்பிகளுள் முதன்மையாக ஆராயத்தக்கவை கௌப்பர் சுரப்பிகள் எனப்படும் இரட்டைச் சுரப்பிகளாகும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் மெரி 1684இல் இவற்றைப் பற்றி எழுதியிருந்தபோதிலும், 1699இல் இவற்றை விரிவாக விவரித்த ஆங்கிலேய உடற்கூற்றறிஞர் வில்லியம் கௌப்பரின் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு சுரப்பியும் வளர்ந்த ஆணின் உடலில் ஒரு பட்டாணி அளவே இருக்கும். புறவழியின் மிகக் குறுகிய பகுதியாகிய சவ்வுப்பகுதியின் இருபுறமும், இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளுக்குள் இவை புதைந்துள்ளன. இவற்றின் குழாய்கள் ஏறத்தாழ 2.5 முதல் 3 சென்டிமீட்டர் தொலைவு பஞ்சுத்திசுவினூடே முன்னோக்கிச் சென்று, புறவழியின் அகன்ற குமிழ்ப்பகுதியின் அடிச்சுவரில் திறக்கின்றன. சுரப்பி ஓரிடத்திலும் அதன் வாய் சற்றுத் தள்ளி வேறோரிடத்திலும் இருக்கின்றன என்பதையும், வாய் திறப்பது அடிச்சுவரில்தான் என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் படங்களைப் படிப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கருவில் இவை சிறுநீர்-பிறப்புறுப்புப் பள்ளம் எனப்படும் ஆதி அறையின் உட்படலத்திலிருந்து, ஆண்மை இயக்குநீர்களின் தூண்டுதலால் அரும்புபோலக் கிளைத்து வளர்கின்றன. பெண் உடலில் இதே மூலத்திலிருந்து உருவாகும் இணையுறுப்பு பார்த்தோலின் சுரப்பியாகும். பருவமடைந்தபின் இவை சுரக்கும் தெளிந்த வழுவழுப்பான நீர், விந்து செல்வதற்கு முன் புறவழியை நனைத்து, அங்கே எஞ்சியிருக்கும் சிறுநீரின் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. குழந்தைப் பருவத்தில் இச்சுரப்பிக்குக் குறிப்பிடத்தக்க பணி இல்லை என்றாலும், அதன் குழாயில் பிறவியிலேயே நேரும் கோளாறு பிறந்த சில நாள்களிலோ, நடக்கத் தொடங்கிய வயதிலோ, பள்ளிப்பருவத்திலோ வெளிப்பட்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீரகங்களையும் தாக்கக்கூடும்.

குழாய் வீங்கும் விதங்கள்

கௌப்பர் குழாய் பையைப்போல விரிந்துவிடும் நிலைக்குச் சிரிங்கோசீல் என்று பெயர். குழாய் என்றும் வீக்கம் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் இப்பெயரில் இணைந்துள்ளன. ஊசி போடும் சிரிஞ்சின் பெயரும் குழாயைக் குறிக்கும் அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததே. மேய்செல்ஸ் என்னும் அமெரிக்கச் சிறுவர் சிறுநீரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதனை நான்காக வகுத்தனர். குழாய் சற்றே அகன்றிருப்பது எளிய வகை. குழாய் உருண்டு பெருத்து, அகன்ற வாய்வழியே புறவழியுடன் தொடர்புகொண்டிருப்பது துளையுள்ள வகை. வாய் முற்றிலும் அடைபட்டு, புறவழிச் சவ்வின் அடியில் நீர்க்கட்டிபோலப் புடைத்து நிற்பது துளையற்ற வகை. அக்கட்டி உடைந்தபின் எஞ்சும் மெல்லிய சவ்வு புறவழிக்குள் ஆடிக்கொண்டிருப்பது உடைந்த வகை.

பின்னாளில் பெவர்ஸ் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் இந்நான்கையும் திறந்தது, மூடியது என்னும் இரண்டாகச் சுருக்கினர். பெயர்களின் எண்ணிக்கை குறைந்ததோடு, வகைக்கும் நோயாளியின் துன்பத்துக்கும் உள்ள தொடர்பும் இதனால் தெளிவாயிற்று. திறந்த சிரிங்கோசீலுக்குள் சிறுநீர் கழிக்கும்போது சிறுநீர் புகுந்து தங்கிவிடுகிறது. கழித்து முடித்தபின் அது மெல்ல வெளியே கசிகிறது. மூடிய சிரிங்கோசீலோ புறவழிக்குள் ஒரு பலூனைப்போலப் புடைத்து, ஓட்டத்துக்கே தடையாகிறது. உடைந்த சவ்வும் நீரோட்டத்தில் விரிந்து கதவுபோல அடைத்துக்கொள்ளக்கூடியது.

வீட்டில் தெரியும் அறிகுறிகள்

தாய்மார்கள் கொண்டுவரும் முறையீட்டிலேயே இந்த இருவகையும் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன. பையன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த பிறகும் கால்சட்டை நனைந்துவிடுகிறது என்று சொல்லப்படும்போது, அது அவனுடைய கவனக்குறைவாக இருக்கலாம். திறந்த சிரிங்கோசீலில் தேங்கிய சிறுநீர் சொட்டுவதாகவும் இருக்கலாம். மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்று வருவது, உள்ளாடையில் இரத்தக்கறை தெரிவது, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட கவட்டுப்பகுதியில் வலி அல்லது புடைப்பு இருப்பது ஆகியவையும் இதே குறைபாட்டால் விளையலாம். சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, முக்கி முனகிக் கழிப்பது, சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்வது ஆகியவை மூடிய வகையை நினைவூட்டுகின்றன.

தமிழ்நாட்டு வீடுகளில் நீர்க்கடுப்பை உடல் சூட்டின் விளைவாகக் கொண்டு, இளநீரும் வெந்தயமும் கொடுத்துத் தணிக்கப் பார்ப்பது வழக்கம். வெயில் காலத்தில் நீர் குறைவாகக் குடித்ததால் வரும் எரிச்சல் நீர் அருந்தினால் தணிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் எரிச்சல் திரும்பத் திரும்ப வரும்போதும், தாரை மெலியும்போதும், காய்ச்சல் சேரும்போதும் அதைச் சூடு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே குழந்தையின் சிறுநீரகத்தைக் காக்கும். பையன் சிறுநீர் கழிப்பதை மருத்துவர் ஒருமுறை நேரில் பார்ப்பதும், பெற்றோர் கைப்பேசியில் எடுத்துவரும் சிறு காணொளியும் பல சோதனைகளுக்கு ஈடான செய்தியைத் தரக்கூடியவை.

முதற்படி: மீயொலிச் சோதனை

படமெடுப்பின் முதற்படி வழக்கமாக ஸ்கேன் என்றே அழைக்கப்படும் மீயொலிச் சோதனை. இதில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்நாளங்கள் அகன்றுள்ளனவா, பையின் சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீர் கழித்தபின் எவ்வளவு எஞ்சுகிறது என்னும் நான்கு கேள்விகளுக்கும் இது விடை தருகிறது. பைச்சுவர் தடித்திருப்பது, கீழே எங்கோ ஒரு தடையை எதிர்த்துப் பை நெடுநாள் உழைத்திருக்கிறது என்பதற்குச் சான்று.

பெரும்பாலான சோதனைகள் பையோடு நின்றுவிடுவதே இதில் உள்ள குறை. அதிர்வெண் மிகுந்த நேர்கோட்டு ஆய்வுமுனையைக் கவட்டின்மீது மெல்ல வைத்து நோக்கினால், குமிழ்ப்பகுதியின் அடியில் கருமையான, எதிரொலியற்ற நீர்க்கட்டியாகச் சிரிங்கோசீல் தென்படக்கூடும். குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே இவ்வாறு பார்த்தால், கட்டி நிறைவதும் புறவழியை அழுத்துவதும் திரையிலேயே தெரியும். கூடுதலாகச் சில நிமிடங்கள் மட்டுமே தேவைப்படும் இச்சோதனை, கேட்கத் தெரிந்த மருத்துவர் கேட்டால் எந்த மாவட்டத் தலைநகரிலும் செய்யக்கூடியதே.

சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே

இக்குறைபாட்டைக் கண்டறிவதில் இன்றளவும் நடுநாயகமாக விளங்குவது எம்.சி.யு. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் சோதனை. எக்ஸ்ரே ஊடுருவாத அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் நிரப்பி, குழந்தை அதைக் கழிக்கும்போது புறவழி முழுவதையும் தொடர்படமாகப் பதிவுசெய்வதே இதன் சாரம். சிறுநீர்த் தொற்று நடப்பில் இருக்கும்போது இச்சோதனை தள்ளிவைக்கப்படுகிறது. கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய் புறவழியினூடே தூய்மையான முறையில் பைக்குள் செலுத்தப்பட்டு, மருந்துப் புட்டி மேசைக்கு மேல் ஒரு மீட்டருக்கு மிகாத உயரத்தில் தொங்கவிடப்படுகிறது. மருந்து தன் எடையாலேயே இறங்குவதால் பைக்குள் மிகையான அழுத்தம் ஏறுவதில்லை. எவ்வளவு நிரப்பவேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: குழந்தையின் வயதோடு 2ஐக் கூட்டி 30ஆல் பெருக்கினால் பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். அதன்படி 4 வயதுச் சிறுவனுக்கு 180 மில்லிலிட்டர். கைக்குழந்தைக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிலிட்டர் என்று கொள்வது வழக்கம்.

பை நிறைந்தபின் வருவதே இச்சோதனையின் உயிர்நாடி. குழந்தையை மல்லாந்த நிலையிலேயே வைத்து நேர்ப்படம் எடுத்தால், முன்னும் பின்னுமாக வளையும் புறவழி தன்மேலேயே மடிந்து தெரியும். அடிச்சுவரில் உள்ள கட்டி அந்த மடிப்பில் மறைந்துவிடும். எனவே சிறுவனைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, சாய்கோணத்தில், பையின் கழுத்து முதல் குறியின் நுனிவரை ஒரே சட்டகத்தில் அடங்குமாறு எடுக்கவேண்டும். கதீட்டரும் ஒரு தடையே. அது பாதைக்குள் கிடக்கும்வரை மெல்லிய சவ்வுகளையும் சிறு கட்டிகளையும் சுவரோடு அழுத்தி மறைக்கக்கூடும். ஆதலால் அதை எடுத்தபின் ஒரு படமேனும் பதிவாகவேண்டும். மூடிய சிரிங்கோசீல் கதீட்டரின் உரசலாலேயே உடைந்து, அடுத்த படத்தில் திறந்த வகையாகத் தோன்றவும் கூடும் என்பதால், நடந்தவற்றை வரிசைப்படி குறித்துவைப்பதும் இன்றியமையாதது.

இவ்வாறு எடுக்கப்பட்ட படத்தில் இருவகையும் எதிரெதிரான தோற்றம் கொள்கின்றன. திறந்த வகையில் கான்ட்ராஸ்ட் மருந்து குழாய்க்குள் புகுவதால், குமிழ்ப்பகுதியின் அடிப்பக்கத்தில் புறவழிக்கு இணையாகப் பின்னோக்கி ஓடும் வெண்மையான குழல் ஒன்று தெரிகிறது. அது கௌப்பர் சுரப்பி இருக்கும் திசையை நோக்கியே செல்கிறது. மூடிய வகையில் மருந்து உள்ளே நுழைய இயலாததால், அடிச்சுவரில் வழவழப்பான, உருண்டையான ஒரு வெற்றிடம் வெண்மையான புறவழியைக் குடைந்து நிற்கிறது. ஒன்றில் இருக்கக்கூடாத இடத்தில் வெண்மை இருக்கிறது. மற்றொன்றில் இருக்கவேண்டிய இடத்தில் வெண்மை இல்லை. சற்றே வளர்ந்த சிறுவர்களுக்கு, நுனியிலிருந்து மருந்தைப் பின்னோக்கிச் செலுத்தி எடுக்கும் படமும் துணைபுரியும்; குமிழ்ப்பகுதி முதல் நுனிவரையுள்ள முன்புறவழியை நன்கு விரித்துக் காட்டும் இம்முறை, கழிக்கும்போது மட்டும் தோன்றும் மாற்றங்களைக் காட்டுவதில்லை.

ஒத்துத் தோன்றும் நோய்கள்

சிறுவனின் புறவழித் தடை என்றவுடன் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது, பையை அடுத்த பின்புறவழியில் ஓட்டத்தை மறிக்கும் பிறவிச் சவ்வுகளாகிய பின்புறவழி வால்வுகளே. அமெரிக்கச் சிறுநீரியல் அறிஞர் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919இல் வகைப்படுத்திய இந்நோய், சிரிங்கோசீலைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுவது. சிறுநீரகங்களை விரைந்து கெடுப்பது. அதில் தடைக்கு மேலுள்ள பின்புறவழி பெரிதாக விரிந்து, தடை இருக்கும் இடத்தில் திடீரெனக் குறுகுகிறது. முன்புறவழியின் பிதுக்கப்பை நோயிலும் அடிப்பக்கத்தில் மருந்து தேங்கும்; எனினும் அது அகன்ற கழுத்துடைய பையாக அங்கேயே நிற்குமேயன்றி, சிரிங்கோசீல்போலச் சுரப்பியை நோக்கிக் குழலாக ஓடுவதில்லை. புறவழி இரட்டித்திருக்கும் பிறவிக் குறையிலும் இணையாக ஓடும் இரண்டாம் தடம் தெரியும்; அதன் தொடக்கத்தையும் முடிவையும் தேடினால் வேறுபாடு விளங்கும்.

மேற்சுவர், அடிச்சுவர் என்னும் எளிய பாகுபாடே இவற்றுள் சிலவற்றைப் பிரித்துவிடுகிறது. குறியின் நுனிக்கு அருகே மேற்சுவரில் சிறு உருண்டையாக மருந்து தங்கினால், அது கெரேன் பெயரால் அறியப்படும் பள்ளமாகும். சிறுவர்களுக்குக் கழிக்கும்போது வலியும் இரத்தத்துளியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்புறவழியின் பின்னால் நடுக்கோட்டில் மேல்நோக்கி எழும் பை, கருப்பையின் ஆண்வழி எச்சமாகிய யூட்ரிக்கிள். குறியின் அடிப்பக்கத்தில் வாய் திறந்திருக்கும் பிறவிக் குறையோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். புறவழி நெடுகிலும் சிதறிக்கிடக்கும் லித்ரே சுரப்பிகள் மிகச் சிறியவை. அழற்சி நேரும்போது மட்டுமே அவை படத்தில் புள்ளிகளாகத் தெரிகின்றன.

காந்த அதிர்வும் நுண்குமிழியும்

மேற்கண்ட முறைகளில் தெளிவு கிட்டாதபோதும், கவட்டில் பெரிய கட்டி தென்படும்போதும் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படம் கைகொடுக்கிறது. நீர் நிறைந்த பகுதியை அது பளிச்சிட வைப்பதால், கட்டியின் எல்லையும், சுற்றியுள்ள தசைகளோடு அதற்குள்ள உறவும், யூட்ரிக்கிளிலிருந்து அது வேறுபடும் இடமும் தெளிவாகின்றன. கதிர்வீச்சு இல்லை என்றாலும், அசையாமல் படுத்திருக்க இயலாத சிறு குழந்தைக்கு மயக்கம் கொடுக்க நேரலாம். மயங்கிய குழந்தை வேண்டியபோது சிறுநீர் கழிக்காது. ஆகவே ஓட்டத்தைக் காட்டும் எம்.சி.யு.வுக்கு இது மாற்றாவதில்லை.

கதிர்வீச்சு இன்றியே ஓட்டத்தைக் காட்ட வல்லது, நுண்குமிழிகள் கலந்த திரவத்தைப் பைக்குள் செலுத்தி மீயொலியால் நோக்கும் முறை. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயுவை மெல்லிய கொழுப்புறையில் அடைத்த இக்குமிழிகள் மீயொலியில் ஒளிர்கின்றன. சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும் நோயைக் குழந்தைகளில் கண்டறிய இம்மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் ஒப்புதல் அளித்தது. கவட்டின்மீது ஆய்வுமுனையை வைத்துப் புறவழியையும் இதே அமர்வில் பார்க்கலாம். எக்ஸ்ரே இன்றியமையாதபோதும், துடிப்புமுறைக் கதிர்களைப் பயன்படுத்தி, தேவையான பகுதியளவுக்கே கதிரைக் குறுக்கி, திரையில் நிற்கும் கடைசிப் பிம்பத்தையே பதிவாகக் கொண்டால் கதிர்வீச்சின் அளவு பெரிதும் குறைகிறது. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க வலியுறுத்தி 2008இல் தொடங்கிய இமேஜ் ஜென்ட்லி இயக்கத்தின் அடிப்படையும் இதுவே.

பெண் குழந்தைகளில்

பெண்ணின் புறவழி வாயின் இருபுறமும் உள்ள சுரப்பிகள், 1880இல் அவற்றை விவரித்த அலெக்சாண்டர் ஸ்கீனின் பெயரால் வழங்குகின்றன. பிறந்த பெண்குழந்தையின் புறவழி வாயருகே மஞ்சள் கலந்த வெண்மையான சிறு கட்டி தெரிந்து, சிறுநீர்த்தாரை ஒருபக்கமாகச் சாய்ந்தால், அது ஸ்கீன் குழாயின் கட்டியாக இருக்கலாம். எனினும் சிறுநீர்நாளத்தின் வீங்கிய நுனி வெளியே பிதுங்குவதும், துளையற்ற கன்னிச்சவ்வின் பின்னால் நீர் தேங்குவதும், அரிதாகப் புற்றுக்கட்டியும் இதே இடத்தில் தோன்றக்கூடும். சிறுநீரகங்களையும் பையையும் இடுப்பையும் மீயொலியில் பார்த்தால் இவற்றுள் முக்கியமானவற்றை விலக்கிவிடலாம். ஸ்கீன் கட்டிகள் பல சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே மறைவதால், அதன்பின் காத்திருப்பதே பெரும்பாலும் போதும்.

கண்டதெல்லாம் நோயாகாது

கௌப்பர் குழாயில் சிறிதளவு மருந்து புகுந்து தெரிவது எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடத்திலும் காணப்படுவதுண்டு. தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி இங்கே மருத்துவ விதியாகவே பொருந்துகிறது: படத்தில் தெரிவதும் குழந்தையின் துன்பமும் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று ஆராய்ந்த பின்னரே அதற்கு நோய் என்று பெயரிடவேண்டும். தாரை நன்றாக இருந்து, தொற்றும் இல்லாமல், சிறுநீரகமும் சீராக இருக்கும் சிறுவனுக்குக் கண்காணிப்பே சிகிச்சை. துன்பம் உள்ள சிறுவனுக்குப் பெரும்பாலும் புறவழிக்குள் செலுத்தும் நுண்ணிய உள்நோக்கிக் குழாய்வழியே கட்டியின் கூரையைத் திறந்துவிடுவது போதுமானதாகிறது. கவட்டில் பெரிதாக வளர்ந்த சிலவற்றுக்கே வெளிப்புற அறுவை தேவைப்படுகிறது. உள்நோக்கியில் நேரில் காண்பதே நோயை இறுதியாக உறுதிசெய்கிறது என்றாலும், எவ்விடத்தை நோக்கவேண்டும் என்று அதற்கு வழிகாட்டுவது முன்பு எடுத்த படமே.

இத்தனை முறைகளும் ஒரு மேசையின்மேல், அந்நியர் நடுவே, உடை களைந்து படுத்திருக்கும் ஓர் அஞ்சிய சிறுவனைச் சார்ந்தே நிற்கின்றன. அவன் கழித்தால்தான் புறவழி விரியும். விரிந்தால்தான் நிழல் விழும். அச்சமுற்ற குழந்தை அடக்கிக்கொள்கிறது. அடக்கிய குழந்தையிடம் எந்தக் கருவியாலும் எதையும் காண இயலாது. என்ன நடக்கப்போகிறது என்று அவன் வயதுக்கேற்ற சொற்களில் முன்பே சொல்லிவைப்பதும், தாயையோ தந்தையையோ அவன் தலைமாட்டில் நிறுத்துவதும், தேவையற்றவர்களை அறையிலிருந்து வெளியேற்றுவதும், வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றி அவனை இயல்பாகக் கழிக்கச் செய்வதும் சோதனைக்குப் புறம்பான கருணைச் செயல்களாக எண்ணப்படலாகாது; அவை சோதனையின் உறுப்புகள். அவசரத்தில் தவறவிட்ட ஒரு சாய்கோணப் படத்துக்காக அதே சிறுவன் மறுபடியும் கதீட்டரையும் கதிரையும் தாங்கவேண்டியிருக்கும். அவன் கழிக்கும்வரை காத்திருந்து, கழிக்கும் அந்தச் சில வினாடிகளில் குமிழ்ப்பகுதியின் அடிச்சுவரை நோக்கத் தவறாத மருத்துவரிடத்தில், அவனுடைய நோய் முதல்முறையிலேயே தன்னைக் காட்டிவிடுவதற்கு வழியுண்டு.